துணியில் உருளும் சொட்டு: நானோ மேசையை மதிப்பிடுவது எப்படி?

அறிவியல் அருங்காட்சியகத்தில் ஒரு மேசை. அதில் இரண்டு துணித்துண்டுகள், ஒரு டிராப்பர், கிண்ணத்தில் தண்ணீர். ஒரு துணியில் சொட்டு ஊறிப்போகிறது. மற்றதில் தாமரை இலைத் தண்ணீர்தான், உருண்டு ஓடுகிறது. அந்த நூலிழைகளின் மேல் நானோ அளவு முடிகள் இருப்பதுதான் காரணம். 1 நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் 10 லட்சத்தில் ஒரு பங்கு.

அமெரிக்காவில் 2005-ல் தொடங்கிய நைஸ் (NISE) நெட்வொர்க் என்ற அறிவியல் கல்விக் கூட்டமைப்பு, இந்த மாதிரிச் செயல்பாடுகளைப் பல அருங்காட்சியகங்களுக்குக் கொண்டுபோனது. அவை பலன் தருகின்றனவா என்று பார்க்க அவர்கள் சொல்லித்தரும் சுற்று எளியது: கேள்வி, விசாரணை, அலசல், திருத்தம். மேசைக்குப் பக்கத்தில் நின்று செய்துகாட்டுபவரே இதைச் செய்துவிடலாம்.

படி 1: கேள்வி. ஒன்றே ஒன்று போதும். "நன்றாக இருக்கிறதா?" என்பதெல்லாம் வேண்டாம். "தண்ணீர் ஏன் ஒட்டவில்லை என்று பார்வையாளர் தன் வார்த்தையில் சொல்கிறாரா?" இப்படி இருந்தால் விடை தேட முடியும்.

படி 2: பேசாமல் பாருங்கள். "இங்கே குறிப்பெடுக்கிறோம்" என்று ஒரு சிறு அறிவிப்புப் பலகை வையுங்கள். பெயர் எதையும் எழுத வேண்டாம். முதலில் எந்தத் துணியைத் தொடுகிறார்கள்? விளக்க அட்டையைப் படிக்கிறார்களா? பல பிள்ளைகள் சொட்டை விரலால் அழுத்தித் தேய்ப்பார்கள். தடுக்காதீர்கள், அதுவும் அவர்களுடைய சோதனைதான். எழுதிக்கொள்ளுங்கள்.

படி 3: கேளுங்கள். முதல் தடவை நான் "பிடிச்சிருக்கா?" என்று கேட்டுத்தொலைத்தேன். தாள் முழுக்க "சூப்பர்". அதை வைத்து என்ன செய்வது? அப்புறம் கேள்வியை மாற்றினேன்: "வீட்டில் இருக்கிற தம்பிக்கு இதை எப்படிச் சொல்வாய்?" ஒரு சிறுமி யோசித்துவிட்டு, "துணிக்கு மெழுகு பூசியிருக்காங்க" என்றாள். சொன்னதை அப்படியே எழுதுங்கள். அந்த நேரத்தில் திருத்த வேண்டாம். அம்மாவோ அப்பாவோ முந்திக்கொண்டு பதில் சொன்னால், அதற்குப் பக்கத்தில் ஒரு குறி போடுங்கள்.

படி 4: அலசல், திருத்தம். சாயங்காலம் தாள்களைக் குவியலாகப் பிரியுங்கள்: முடி என்றவர்கள், பூச்சு என்றவர்கள், தெரியாது என்றவர்கள். பூச்சுக் குவியல் பெரிதாக இருந்தால் பிள்ளைகளைக் குறை சொல்லாதீர்கள். முடி கண்ணுக்குத் தெரியவே இல்லையே! நூலிழையின் பெரிதாக்கிய படம் ஒன்றை டிராப்பருக்குப் பக்கத்தில் ஒட்டிப் பாருங்கள். அட்டையின் வாசகத்தையும் சேர்த்து மாற்றிவிட்டால், எது வேலை செய்தது என்று தெரியாது. அதனால் இப்போதைக்குப் படம் மட்டும். அடுத்த சனிக்கிழமை, அதே கேள்வியோடு மறுபடி நில்லுங்கள்.