ஆர்டர் நோட்டின் முதல் பக்கம் நம் வீட்டுக்கு

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுப் பின்கட்டில்தான் நானும் என் வீட்டுக்காரரும் தீபாவளிப் பலகாரம் போடுகிறோம். முந்திரிக்கொத்து, கை முறுக்கு, அதிரசம், மிக்சர் என்று நான்கே வகை. முதல் வருடம் தீபாவளிக்கு முந்தின இரவு 2 மணி வரை எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றோம். விடியற்காலையில் தெருவே எண்ணெய் தேய்த்துக் குளித்துப் புதுத்துணி உடுத்தியபோது நாங்கள் அடுக்களைத் தரையில் தூங்கிக்கொண்டிருந்தோம். "சாமிக்கு என்னம்மா வச்சு கும்பிட்டீங்க?" என்று அம்மா போனில் கேட்டார். எங்களுக்கென்று ஒரு முறுக்குகூட மிஞ்சவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மறு வருடமே முறையை மாற்றினோம். ஆர்டர் நோட்டின் முதல் பக்கத்தில் "நம் வீடு" என்று எழுதினேன். முந்திரிக்கொத்து 1 கிலோ, முறுக்கு 1 கிலோ, அதிரசம் 30. கூடவே அத்தை வீட்டுக்கு, அம்மா வீட்டுக்கு, முறுக்கு சுற்ற வரும் அக்காவுக்கு. விலையும் போட்டுக் கணக்கில் சேர்த்துவிடுவோம். அப்போதுதான் அது மிச்சம் மீதியாக இல்லாமல் உண்மையான ஆர்டராக இருக்கும். முதல் ஈடு எடுத்ததும் அந்தப் பக்கத்துக்கு உரியதை எவர்சில்வர் டப்பாவில் போட்டு இறுக மூடிப் பரணில் ஏற்றிவிடுங்கள். எவ்வளவு பழகிய வாடிக்கையாளர் கேட்டாலும் அதை இறக்கக் கூடாது.

அடுத்தது தேதி. ஆயுத பூஜை முடிந்து ஏறக்குறைய 20 நாளில் தீபாவளி வந்துவிடும். இந்த 20 நாளைத்தான் நாங்கள் பங்கு போடுகிறோம். ஆயுத பூஜையன்று முறுக்கு உரல், தராசு, பாக்கெட் ஒட்டும் மெஷின் எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்துப் பொரிகடலை படைப்போம். அன்று அடுப்பு எங்களுக்கு மட்டும்தான் எரியும். தீபாவளிக்கு 14 நாள் முன்னால் ஆர்டரை மூடிவிடுவோம். 2026-ல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. அப்படியானால் அக்டோபர் 25 கடைசி. வெளியூர் பார்சல் 30-ஆம் தேதிக்குள் போய்விட வேண்டும். ஒரு வருடம் கடைசி வாரத்தில் அனுப்பிய பெட்டி தீபாவளி முடிந்து மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தது. அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். நவம்பர் 5 இரவோடு அடுப்பு அணையும். 6-ஆம் தேதி உள்ளூர்க்காரர்கள் வந்து வாங்கிக்கொள்வார்கள். 7-ஆம் தேதி முழுக்க எங்களுடையது.

ஆர்டரை மூடுவதுதான் கஷ்டம். "ஒரே ஒரு கிலோ" என்று போன் வந்தால் எனக்கு மறுக்கத் தெரியாது. அதனால் 25-ஆம் தேதிக்குப் பிறகு போன் என் வீட்டுக்காரர் கையில் இருக்கும். அவர் பொறுமையாக, "இந்த வருசம் முடிஞ்சுதுங்க, பொங்கலுக்கு முதல் ஆர்டர் உங்களுக்குத்தான்" என்பார். சொன்னபடி மார்கழியில் அவரே கூப்பிட்டும் கேட்பார்.

எதை முதலில் போடுவது? நாள்பட இருப்பதை முதலில் போடுங்கள். எங்கள் பக்கம் அது முந்திரிக்கொத்து. பாசிப்பயறு 1 கிலோவை வாசம் வரும்வரை வறுத்துக் கொரகொரப்பாகத் திரிக்க வேண்டும். முக்கால் கிலோ வெல்லத்தைக் காய்ச்சி வடிகட்டிப் பாகு வைத்து, வறுத்த எள், ஏலக்காய், சுக்கோடு சேர்த்துச் சூடு ஆறுவதற்குள் நெல்லிக்காய் அளவு உருட்டுங்கள். ஆறிவிட்டால் உதிரும். இந்த இடத்தில் இரண்டு பேர் கை வேண்டும். நான் கிளற, அவர் உருட்டுவார். வெளியூர் போகும் பெட்டிக்குத் தேங்காய் சேர்ப்பதே இல்லை. வீட்டுக்குப் போடும்போது மட்டும் தேங்காய்த் துருவலை ஈரம் போகச் சிவக்க வறுத்துச் சேர்ப்பேன். உருண்டைகளை ஒரு இரவு உலரவிட்டு, மறுநாள் மஞ்சள் தூள் சேர்த்த அரிசி மாவுக் கரைசலில் முக்கி, மூன்று மூன்றாக எண்ணெயில் விட்டால் ஒட்டிக்கொண்டு கொத்தாக வரும்.

அதிரசத்துக்கு மழைதான் எதிரி. ஊற வைத்த பச்சரிசி நிழலில் உலர வேண்டும், ஆனால் கையில் பிடித்தால் ஈரம் தெரிய வேண்டும். ஐப்பசியில் வெளியே துணி விரிக்க முடியாது. முன்னறையில் மின்விசிறிக்குக் கீழே விரிப்போம். மாவைத் தீபாவளிக்கு ஆறேழு நாள் முன்னாலேயே பாகில் பிசைந்து வைத்துவிடலாம், புளிக்கப் புளிக்கத்தான் ருசி. முறுக்கும் மிக்சரும் அடுப்பு அணைவதற்கு முந்தின கடைசி நான்கு நாளில். மழை நாளில் முறுக்கு நன்றாக ஆறியதும் உடனே பாக்கெட்டில் அடைத்துவிடுங்கள், திறந்து கிடந்தால் நமத்துப்போகும்.

விற்பனைக்குப் போடுவதால் வீட்டு 14.2 கிலோ சிலிண்டரைத் தொடாதீர்கள். 19 கிலோ வணிக சிலிண்டர் வாங்குங்கள். உணவுப் பாதுகாப்புப் பதிவு எண்ணும் தயாரித்த தேதியும் பாக்கெட்டில் இருக்கட்டும். நாங்கள் பதிவு செய்தபோது வருடத்துக்கு 100 ரூபாய்தான் ஆனது. எண்ணெய் நுரைத்துக் கறுத்தால் மாற்றிவிடுங்கள், அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். உதவிக்கு வரும் அக்காவின் கூலியையும் தீபாவளிச் சேலையையும் 5-ஆம் தேதியே கொடுத்துவிடுவோம். அவருக்கும் கடைக்குப் போக நாள் வேண்டாமா?

சரி, இனி எங்கள் நாள். 7-ஆம் தேதி காலையில் வாசல் தெளித்துப் பெரிய கோலம். பத்து மணிக்கு மேல் இரண்டு பேரும் பஸ் ஏறித் திருநெல்வேலி டவுன் ரத வீதிக்குப் போவோம். அவருக்கு வேட்டி சட்டை நான் எடுப்பேன், எனக்குச் சேலை அவர் எடுப்பார், விலையை மட்டும் முன்பே பேசிக்கொள்வோம். தாமிரபரணி ஆற்றில் தண்ணீர் குறைவாக இருந்தால் திரும்பும்போது குறுக்குத்துறையில் இறங்கி, முருகனைக் கும்பிட்டுப் படித்துறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்போம். அன்று ஆர்டர் பேச்சு எடுப்பதில்லை.

தீபாவளியன்று 4 மணிக்கு எழுந்து நான் அவர் தலையில் எண்ணெய் வைப்பேன். இத்தனை நாளாக அனல் முன்னால் நின்ற உடம்பு. நல்லெண்ணெயும் சீயக்காயும் வெந்நீரும் படும்போது இரண்டு பேருக்கும் தோள் பாரம் இறங்கும். லேகியம் ஒரு உருண்டை. பரணில் இருந்து டப்பாவை இறக்கி ஒவ்வொரு வகையிலும் எடுத்துச் சாமிக்கு வைத்துவிட்டு, முதல் ஆளாக அம்மாவுக்குப் போன் போடுவேன். காலை 6 மணிக்கு வெடி நேரம் தொடங்கியதும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எங்கள் வாசலுக்கு வந்துவிடுவார்கள். அவர் அவர்களோடு சரம் கொளுத்தப் போய்விடுவார், நான் தட்டில் முந்திரிக்கொத்தோடு படியில் உட்கார்ந்திருப்பேன்.