கிறிஸ்துமஸ் படங்கள்: நாம் வழக்கமாகச் செய்யும் தவறுகள்

டிசம்பர் பிறந்ததும் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வரும்: இந்த வருஷம் என்ன படம் போடலாம்? ஸ்டார் கட்ட ஒருவர், குடில் வைக்க ஒருவர், முந்திரிக்கொத்துக்குப் பயறு வறுக்க ஒருவர் என்று வேலை பிரித்திருக்கிறோம், படம் எடுத்து வைப்பது பல வருஷமாக என் பொறுப்பு. எனக்கு இந்தப் படங்கள் மேல் அவ்வளவு பிரியம் என்பதால்தான் அதை நானாகவே வாங்கிக்கொண்டேன். வீடு நிறைய ஆட்களை உட்கார வைத்துப் படம் போட்டுப் பார்த்ததில், எங்கெங்கே தவறு நடக்கிறது என்று இப்போது நன்றாகவே தெரியும்.

பெரிய தவறிலிருந்தே தொடங்குகிறேன். பாதியில் நிறுத்துவது.

ஃபிராங்க் காப்ராவின் 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' 1946-இல் வந்தது, ஓடும் நேரம் 130 நிமிடம். பனி விழும் ஊரில் சிலர் ஜார்ஜ் பெய்லி என்பவனுக்காக ஜெபிப்பது தொடக்கத்தில் கேட்கும், அதோடு கிறிஸ்துமஸ் போய்விடும். அப்புறம் அவனுடைய சின்ன வயசு, மருந்துக்கடை வேலை, அப்பாவின் சாவு, ஊரை விட்டுப் போக நினைத்து ஒவ்வொரு தடவையும் போக முடியாமல் நிற்பது, கல்யாணம் ஆன அன்றே வங்கி வாசலில் கூட்டம் கூடுவது என்று கதை நிதானமாகப் போகும். எல்லாரும் கேள்விப்பட்டிருக்கிற அந்தத் தேவதூதர் கிளாரன்ஸ் கண்ணில் படவே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் பாதிப் பேர் போனை எடுத்திருப்பார்கள், சிலர் படுக்கப் போயிருப்பார்கள், "பழைய படம், இழுக்குது" என்ற பேச்சும் வந்திருக்கும்.

ஆனால் அந்த ஒன்றரை மணி நேரத்தில் காட்டியதெல்லாம் கடைசி அரை மணி நேரத்தில் ஒவ்வொன்றாகத் திரும்பி வருகிறது. தான் பிறந்தே இருக்காவிட்டால் ஊர் எப்படி ஆகியிருக்கும் என்று கிளாரன்ஸ் காட்ட, அந்த ஊருக்குள் ஜார்ஜ் நடக்கும்போது, சின்ன வயசில் பனிக்கட்டி உடைந்து தண்ணீரில் விழுந்த தம்பியைக் காப்பாற்ற ஆளில்லாமல் போயிருக்கிறது, மகன் இறந்த துக்கத்தில் மருந்துக்குப் பதில் விஷத்தைக் கலந்த கடைக்காரரைத் தடுக்கவும் ஆளில்லாமல் போயிருக்கிறது. முன்பாதியைப் பார்க்காதவருக்கு அது வெறும் இருட்டு ஊர். பார்த்தவருக்கு நெஞ்சு அடைக்கும்.

ஒரு சின்ன விஷயம் சொல்கிறேன். அவன் வீட்டு மாடிப்படிக் கைப்பிடியின் முனையில் ஒரு மரக் குமிழ் கழன்று கிடக்கும். எல்லாம் கைவிட்டுப் போன அந்த இரவில் மாடி ஏறும்போது அது கையோடு வந்துவிடும், எரிச்சலில் அதைத் தூக்கி எறியப் போவான். கடைசியில் வீட்டுக்கு ஓடி வந்து மாடி ஏறும்போதும் அதே குமிழ் அதே மாதிரி கையோடு வரும், அதற்கு முத்தம் கொடுத்துத் திரும்ப வைப்பான். இரண்டு தடவையும் சேர்த்து சில நொடிதான், முதல் தடவை நீங்கள் தண்ணீர் குடிக்க எழுந்து போயிருந்தால் இரண்டாவதற்கு அர்த்தமே கிடையாது.

இன்னொன்று, அவன் மதுக்கடையில் தனியாக உட்கார்ந்து ஜெபிக்கும் காட்சி. ஜார்ஜாக வரும் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானம் ஓட்டிவிட்டுத் திரும்பி வந்து நடித்த முதல் படம் இது. அந்த இடத்தில் அவருக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. கேமரா தள்ளி இருந்தது, அதே அழுகையை இன்னொரு தடவை எடுக்க முடியாது, அதனால் காப்ரா எடுத்த படச்சுருளிலேயே முகத்தைப் பெரிதாக்கிச் சேர்த்தார். உற்றுப் பார்த்தால் அங்கே மட்டும் படம் கொஞ்சம் பொரிபொரியாகத் தெரியும். எனக்கு மொத்தப் படத்திலும் அதிகம் பிடித்த இடம் அதுதான்.

இதையொட்டியே அடுத்த தவறும் வருகிறது: கையில் கிடைத்த பிரதியைப் போடுவது. வெளியானபோது இந்தப் படம் எதிர்பார்த்த வசூலைத் தரவில்லை. 1974-இல் காப்புரிமையைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள், அமெரிக்கத் தொலைக்காட்சி நிலையங்கள் பணம் கட்டாமல் டிசம்பர் முழுக்க அதை ஓட்ட ஆரம்பித்தன, அப்படித்தான் அது வீட்டுக்கு வீடு கிறிஸ்துமஸ் படமானது. அதே காரணத்தால் மோசமான பிரதிகளும் பெருகின. வண்ணம் பூசிய பிரதி ஒன்று இருக்கிறது, ஸ்டூவர்ட்டே அந்த வேலையை வெளிப்படையாக எதிர்த்தார். வெட்டிச் சுருக்கிய பிரதியும் இருக்கிறது. அதில் அவன் பிறக்காத ஊரைக் காட்டும் பகுதியே கிடையாது, சாகப் போனவன் அடுத்த காட்சியில் காரணமே இல்லாமல் சிரித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடுவான். ஆகவே பிளே அழுத்தும் முன் ஓடும் நேரத்தைப் பாருங்கள். 130 நிமிடத்துக்கு ரொம்பக் குறைவாக இருந்தால் வேறு பிரதி தேடுங்கள்.

அந்தக் காலத்துப் படங்கள் ஏறக்குறைய சதுரமான சட்டத்தில் எடுத்தவை. இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வருகிறதே என்று ரிமோட்டை எடுத்து இழுத்துவிடாதீர்கள், எல்லார் முகமும் அமுக்கின மாதிரி ஆகிவிடும். புது டிவிகளில் அசைவை வழுவழுப்பாக்குகிற வசதி ஒன்று கடையிலிருந்து வரும்போதே போட்டிருக்கும், அதில் எந்தப் படமும் சீரியல் மாதிரி தெரியும். செட்டிங்ஸில் போய் அதை அணைத்துவிடுங்கள், 'ஃபிலிம்மேக்கர் மோட்' இருந்தால் அதை வையுங்கள். இரண்டு நிமிட வேலைதான். அந்தப் படத்தின் பனிக்காகவாவது செய்யலாம். அதற்கு முன்பெல்லாம் வெள்ளை அடித்த கார்ன்ஃப்ளேக்ஸைத்தான் பனியாகக் கொட்டுவார்கள், மிதித்தால் நறநறவென்று சத்தம் வரும், வசனத்தைப் பிறகுதான் பதிவு செய்ய வேண்டும். இந்தப் படத்துக்காகத் தீயணைப்பு நுரையில் சோப்பும் தண்ணீரும் கலந்து சத்தமில்லாத பனி செய்தார்கள், படம் எடுத்ததோ நல்ல வெயில் காலத்தில்.

சரி, பெயரையும் போஸ்டரையும் பார்த்து எடுப்பதற்கு வருவோம். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதுதான் அதிகச் சிக்கல். 'லவ் ஆக்சுவலி' போஸ்டர் சிவப்பு ரிப்பன் கட்டின பரிசுப் பொட்டி மாதிரி இருக்கும், படத்துக்குள் ஆடையில்லாத காட்சிகள் இருக்கின்றன, அமெரிக்காவில் அதற்கு 'ஆர்' சான்றிதழ். பெரியவர்கள் பார்க்க வேண்டிய படம், அதிலும் எம்மா தாம்ப்சன் அறையில் தனியாக நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கட்டில் விரிப்பை நீவிவிடும் இடத்துக்காகவே பார்க்கலாம், ஆனால் பாட்டி மடியில் பேரன் இருக்கும்போது வேண்டாம். 'கிரெம்லின்ஸ்' பொம்மைப் படம் மாதிரி தெரியும். 1984-இல் அதுவும் இண்டியானா ஜோன்ஸ் படமொன்றும் கிளப்பிய புகாரால்தான் அமெரிக்காவில் பதின்மூன்று வயதுக்கான தனிச் சான்றிதழே வந்தது. பயத்தை விடுங்கள், அந்தப் படத்தில் ஒரு பெண் தன் அப்பாவைப் பற்றிச் சொல்லும் கதையில் கிறிஸ்துமஸ் தாத்தா யார் என்பதையும் போட்டு உடைத்துவிடுவாள். இன்னும் தாத்தா வருவார் என்று தலைமாட்டில் சாக்ஸ் வைக்கிற பிள்ளை பக்கத்தில் இருந்தால் யோசித்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்திலும் இதே குழப்பம் உண்டு. 2024 ஜனவரியில் வந்த விஜய் சேதுபதி, கத்ரினா கைஃப் நடித்த 'மெர்ரி கிறிஸ்துமஸ்' தமிழிலும் இந்தியிலும் தனித்தனியாக எடுத்த படம், பழைய பம்பாயில் ஒரு கிறிஸ்துமஸ் ராத்திரி நடக்கிற கதை. பெயரைப் பார்த்துக் குடும்பத்தோடு உட்கார்ந்துவிடுவார்கள், அது ஸ்ரீராம் ராகவன் எடுத்த கொலைக்கதை. பெரியவர்கள் மட்டும் இருக்கும்போது, விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால் அருமையாக இருக்கும்.

சின்னப் பிள்ளைகளுக்கு என்ன போடலாம் என்று கேட்டால் நான் 2019-இல் வந்த 'க்ளவுஸ்' படத்தைத்தான் சொல்வேன். கையால் வரைந்த படம், வெளிச்சம் விழுகிற விதம் ஓவியப் புத்தகம் போல இருக்கும். கடிதமே எழுதாத ஊருக்கு வந்து மாட்டிக்கொள்ளும் தபால்காரனின் கதை.

'ஹோம் அலோன்' பார்க்காத வீடு இருக்காது. அங்கே நடக்கிற தவறு, திருடர்கள் வழுக்கி விழுகிற கட்டத்துக்கு ஓட்டிப் போவது. அந்த அடிதடி படத்தின் கடைசி அரை மணி நேரத்துக்குள்தான் வருகிறது. அதற்குக் கொஞ்சம் முன்னால், வீட்டார் விட்டுவிட்டுப் போன பையன் கெவின் தனியாகக் கோவிலுக்குப் போய் உட்காருவான். பாடகர் குழுவில் பிள்ளைகள் பாடிக்கொண்டிருக்கும். தெருவே பார்த்துப் பயப்படுகிற அந்தக் கிழவர் மார்லி வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அங்கே பாடுகிறவள் என் பேத்தி, மகனோடு பேச்சுவார்த்தை இல்லாததால் இங்கே வந்துதான் அவளைப் பார்க்க முடிகிறது என்று சொல்வார். எட்டு வயசுப் பையன் அவரைப் பார்த்து, மகனுக்கு ஒரு போன் போடுங்களேன் என்பான். எத்தனை வீடுகளில் அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்று வருஷக்கணக்கில் ஆகிறது! அந்தக் காட்சியைத் தாண்டி ஓட்டுவது எனக்குப் பொறுக்காது. மூன்றாம் பாகம் என்று ஒன்று இருக்கிறது, அதில் பையனும் வேறு, குடும்பமும் வேறு. ஓர் இரவுதான் நேரம் என்றால் 1990-இல் வந்த முதல் படம் போதும்.

எல்லாவற்றையும் டப்பிங்கில் பார்ப்பதும் ஒரு தவறு, எல்லாப் படத்துக்கும் அல்ல, சிலவற்றுக்கு. பிள்ளைகளுக்குத் தமிழ்க் குரல் கிடைத்தால் தாராளமாகப் போடுங்கள். ஆனால் 2005-இல் வந்த 'ஜுவாயோ நோயல்' மாதிரிப் படத்தை அப்படிப் பார்க்கக் கூடாது. 1914 கிறிஸ்துமஸ் இரவில் போர்முனையில் ஸ்காட்லாந்துக்காரர்களும் பிரெஞ்சுக்காரர்களும் ஜெர்மானியர்களும் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுப் பதுங்குகுழியிலிருந்து வெளியே வந்ததைப் பற்றிய படம். மூன்று மொழிக்காரர்கள் தட்டுத் தடுமாறிப் பேசிக்கொள்வதுதான் அதன் உயிர். எல்லாரும் ஒரே மொழி பேசினால் அங்கே என்ன அதிசயம் நடந்தது என்றே புரியாது. சப்டைட்டிலோடு பாருங்கள். அப்படியே ஜப்பானியப் படமான 'டோக்கியோ காட்ஃபாதர்ஸ்' படத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தெருவில் வாழும் மூன்று பேர் கிறிஸ்துமஸ் ராத்திரி குப்பையில் ஒரு பச்சைக் குழந்தையைக் கண்டெடுத்து அதன் தாயைத் தேடிப் போகிறார்கள். குடில் கதைக்கு இவ்வளவு பக்கத்தில் வரும் படம் நான் வேறு பார்த்ததில்லை.

நேரம் பற்றி ஒரு வரி. இருபத்து நாலாம் தேதி ராத்திரிக்கென்று பெரிய படத்தை வைக்காதீர்கள். பூசைக்குக் கிளம்பணும், வந்து சேர ஒன்றரை மணி ஆகும், கேக் வெட்டணும். இருபத்தாறாம் தேதி மத்தியானம்தான் சரி, வேலையெல்லாம் ஓய்ந்திருக்கும். பார்க்க நினைக்கிற படம் எந்தத் தளத்தில் இருக்கிறது என்று ஒரு வாரம் முன்னாலேயே பார்த்து வைத்துவிடுங்கள், போன வருஷம் இருந்த இடத்தில் இந்த வருஷமும் இருக்கும் என்று சொல்ல முடியாது.

கடைசியாக ஒன்று, எனக்கு மனசில் பெரிசாக நிற்பது. அந்த வருஷம் யாரையாவது இழந்தவர் வீட்டில் இருந்தால், சிரிப்புப் படம் போட்டால் தேறிவிடுவார் என்று நினைப்பது. அம்மா இறந்த வருஷம் டிசம்பரில் நான் அதைத்தான் செய்தேன். நல்ல கலகலப்பான படம்தான், எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், அப்பா மெதுவாக எழுந்து போய்த் திண்ணையில் ஸ்டார் வெளிச்சத்துக்குக் கீழே உட்கார்ந்துவிட்டார். அதற்காகத் துக்கப் படம் போடணும் என்றும் இல்லை. 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' படத்தில் ஒருவன் சாகத் துணிந்து பாலத்தில் நிற்கிறான், அது யாருக்குத் தாங்கும், யாருக்குத் தாங்காது என்று பார்த்துத்தான் போட வேண்டும்.

அடுத்த வருஷம் 'தி ஷாப் அரவுண்ட் தி கார்னர்' போட்டேன். 1940-இல் எர்ன்ஸ்ட் லூபிட்ச் எடுத்தது, புடாபெஸ்ட் நகரத்தில் ஒரு கடை, முதலாளி மாட்டுஷெக். அவரும் சாகத் துணிந்து பிழைத்தவர்தான், ஆனால் அதைப் படம் சட்டென்று கடந்துவிடும். மனைவியோடு முறிந்துபோய்த் தனியாளாக நிற்கிறார். கிறிஸ்துமஸ் ராத்திரி, பனி விழுகிறது, கடை பூட்டியாயிற்று. வேலையாட்கள் ஒவ்வொருவராக வெளியே வருகிறார்கள், எல்லாருக்கும் போக வீடு இருக்கிறது, இவர் வாசலிலேயே நின்று ஒவ்வொருவரிடமும் பேச்சுக் கொடுத்துப் பார்க்கிறார். கடைசியில் புதிதாகச் சேர்ந்த எடுபிடிப் பையன் ரூடி. உனக்கு வீட்டில் யாரும் காத்திருக்கிறார்களா என்று கேட்டால், இந்த ஊரில் எனக்கு யாருமில்லை என்கிறான். கிழவர் முகம் அப்படியே மலர்கிறது. வாத்துக் கறி பிடிக்குமா, வெண்ணெய் போட்ட உருளைக்கிழங்கு பிடிக்குமா, வெள்ளரிக்காய் சாலட் பிடிக்குமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே அவனைச் சாப்பிடக் கூட்டிப் போகிறார்.

அப்பா அன்றைக்கு எழுந்து போகவில்லை. படம் முடிந்து பேர் ஓட ஆரம்பித்ததும், "அந்தப் பையனும் முதலாளியும் பேசுறது இருக்குல்ல, அத இன்னொருக்கா போடு" என்றார்.