மங்கிய ஹெட்லைட்டுக்கு வாட்டர் பேப்பர்

ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் பனிமூட்டம் இறங்கினால், மஞ்சளித்த ஹெட்லைட் உதவாது. வெயிலில் முதலில் கெடுவது லென்ஸின் பாலிகார்பனேட் பிளாஸ்டிக் மேலுள்ள, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் யுவி பூச்சு. அதை முழுசாக எடுக்க வேண்டும். டூத்பேஸ்ட் பளபளப்பு சில வாரத்துக்குத்தான்.

சுற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, தண்ணீர் விட்டபடி 800, 1500, 2000 எண் வாட்டர் பேப்பரில் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள், எண் கூடக்கூட நைஸ்) வரிசையாகத் தேயுங்கள். தாளுக்குத் தாள் திசையைக் குறுக்காக மாற்றினால் பழைய கீறல் மிச்சமிருப்பது தெரியும். 800-இல் தேய்க்கும்போது வழியும் மஞ்சள் கலங்கல் நீர் வெள்ளையாகும்வரை அடுத்த தாளைத் தொடாதீர்கள்.

ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, யுவி கிளியர் கோட்டை (நிறமில்லாத பாதுகாப்புப் பூச்சு) மெல்லிசாக இரண்டு முறை ஸ்ப்ரே செய்யுங்கள். 2000 தாள் விட்டுச்சென்ற மங்கல் அதிலேயே மறையும். இடையில் பாலிஷ் போடும் காம்பவுண்ட் வேண்டாம், அதன் எண்ணெய்ப்பசை பூச்சைப் பிடிக்கவிடாது. கோட் இல்லாமல் விட்டால் சேலம் வெயில் சீக்கிரமே பழையபடி மஞ்சளாக்கிவிடும். பெட்ரோல், தின்னர் பட்டால் லென்ஸில் நுண்விரிசல் விழும். உள்பக்கம் ஈரம் கோத்த லைட்டுக்கு இதெல்லாம் வீண், சீலைப் பாருங்கள்.