காரைக்குடியிலிருந்து கொடைக்கானலுக்கு: டீன்ஏஜ் பிள்ளைகளோடு காரில் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் கார் ஓட்டிப் பழகியவர்களுக்கு மேடு என்றால் ரயில்வே மேம்பாலம்தான். நம்ம பிள்ளைகள் ஏறிய மலை குன்றக்குடி. கொஞ்சம் கால் தெம்பு உள்ளவர்கள் பிரான்மலை ஏறியிருப்பார்கள். அதனாலோ என்னவோ, மே மாத லீவில் கொடைக்கானலுக்குக் கிளம்பும்போதும் திருச்சிக்குப் போய்வருகிற அதே கணக்கோடுதான் கிளம்புகிறோம். போதாததற்கு, வீட்டில் பதினாலு, பதினேழு வயதில் இரண்டு பேர் இருந்தால், அவர்களுக்கு இன்னும் ஆறு வயது என்ற நினைப்பில் திட்டம் போடுகிறோம். வழியில் வரும் தொல்லைகளில் பாதிக்கு இந்த இரண்டு தப்புக் கணக்குதான் காரணம்.

கிலோமீட்டரைப் பார்த்து நேரம் குறிப்பது

திருப்பத்தூர், சிங்கம்புணரி, கொட்டாம்பட்டி, நத்தம் வழியாகத் திண்டுக்கல், அங்கிருந்து வத்தலக்குண்டு. இதுவரை நம்ம ஊர் வேகம் செல்லும். காட்ரோட்டில் மலைப்பாதை பிரிந்த பிறகு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் ஏற வேண்டும். ஊர் இருப்பது சுமார் 2,100 மீட்டர் உயரத்தில். சமவெளியில் ஒரு மணி நேரத்தில் கடக்கிற தூரத்துக்கு இங்கே சாதாரண நாளிலேயே இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். சீசன் சனிக்கிழமை என்றால் எந்தக் கணக்கும் நிற்காது. 'மத்தியானச் சாப்பாடு கொடைக்கானலில்' என்று முடிவுகட்டி வந்துவிட்டு, பெருமாள்மலைப் பக்கம் வண்டி வரிசையில் நின்றபடி பிள்ளைகளிடம் எரிந்து விழுகிற அப்பாக்கள் நிறைய.

இ-பாஸை அடிவாரத்தில் போய் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவது இன்னொன்று. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி, 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுத்துத்தான் போக வேண்டும். 2025 சீசனில் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று வரம்பும் வந்தது. இந்த வேலையை வீட்டிலிருக்கிற பதினாறு வயதுக்காரரிடம் ஒப்படைத்துவிடுங்கள். நாம் ஓடிபி எங்கே என்று தேடுவதற்குள் முடித்துவிடுவார்கள். 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மேலே தடை என்பதால் எவர்சில்வர் பாட்டில்களை மறக்க வேண்டாம்.

திரும்பும்போது பெரியகுளம், தேனி என்று சுற்ற நினைத்தால் மேப் அடுக்கம் வழியைக் குறுக்கு வழியாகக் காட்டலாம். குறுகல் பாதை, மழைக்காலத்தில் மண் சரியும். மலை ஓட்டிப் பழகாதவர் அந்தப் பக்கம் திரும்பவே வேண்டாம்.

கடைசி சீட்டில் போட்டு அடைப்பது

ஏழு பேர் வண்டியில் ஐயா (தாத்தா) முன்சீட்டில், ஆயாவும் (பாட்டி) அம்மாவும் நடுவில், பிள்ளைகள் பின்னால் பெட்டிகளோடு. இதுதான் நம்ம வீட்டு வழக்கம். வளைவில் அதிகம் ஆடுவது பின்பக்கம்தான். அங்கே உட்கார்ந்தால் வெளியே சரியாகத் தெரியவும் தெரியாது. பிள்ளைகள் போனைக் குனிந்து பார்ப்பார்கள். கண் 'அசையவில்லை' என்கிறது, உள்காது 'ஆடுகிறோம்' என்கிறது. இந்த முரண்பாட்டில்தான் குமட்டல் தொடங்குகிறது. டம்டம் பாறைக்கு முன்னாலேயே வாந்தி.

குமட்டுகிற பிள்ளையை முன்சீட்டில் உட்கார வைத்து, தூரத்துச் சாலையைப் பார்த்துக்கொண்டு வரச் சொன்னால் பெரும்பாலும் தணிந்துவிடும். ஆனால் ஐயாவை எழுந்திருக்கச் சொல்ல யாருக்கும் வாய் வராது. முதல் நாள் ராத்திரியே, "ஐயா, வத்தலக்குண்டு வரைக்கும் நீங்க முன்னாடி வாங்க, அதுக்கு மேல தம்பிக்கு ஒத்துக்காது" என்று பக்குவமாகச் சொல்லி வைத்துவிட்டால், வண்டியை நிறுத்தி வைத்துக்கொண்டு மரியாதைப் பிரச்சினையை அலச வேண்டியிருக்காது.

விடியற்காலைச் சாப்பாடும் இதில் சேர்த்தி. "வெறும் வயித்தோடவா போறது?" என்று ஆயா சுடச்சுட வெள்ளைப் பணியாரமும் கந்தரப்பமும் நீட்டுவார். இரண்டும் எண்ணெயில் பொரித்தவை. அவற்றைத் தூக்கில் போட்டு எடுத்துப் போய் மேலே ரூமில் சாப்பிடலாம். ஏறுவதற்கு முன் இரண்டு இட்லி போதும். அதற்காக முழுப் பட்டினியும் கூடாது, அதிலும் குமட்டும். வாந்தி மாத்திரை தருவதாக இருந்தால் டாக்டரிடம் கேட்டு, ஏறுவதற்கு அரை மணி, ஒரு மணி நேரம் முன்னால் தர வேண்டும். மூன்றாவது வளைவில் கொடுத்தால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வரும். தூக்கம் வரவழைக்கும் மாத்திரை, ஆகவே ஓட்டுகிறவர் தொடவே கூடாது. காருக்குள் தொங்கும் வாசனை டப்பாவைக் கழற்றிவிட்டுக் கண்ணாடியை இறக்குங்கள்.

பதின்ம வயதில் உடம்பின் தூக்க நேரமே பின்னுக்குத் தள்ளிப்போகும். பதினொரு மணிக்கு முன் கண் மூடாது, மூடினால் எட்டு மணி நேரமாவது வேண்டும். அது சோம்பேறித்தனம் இல்லை. ராகு காலம் பார்த்து நாலு மணிக்குக் கிளம்புவதில் தப்பில்லை. வழியில் தூங்குகிறவர்களை விட்டுவிட வேண்டும். தூங்குகிற பிள்ளைக்கு வாந்தி வருவதும் குறைவு. வளைவுக்கு வளைவு "எந்திரி, அருவியைப் பாரு" என்று உலுக்குவானேன்? வெள்ளி அருவியில் எப்படியும் வண்டி நிற்கும், அங்கே எழுந்து பார்த்துக்கொள்வார்கள்.

இறக்கத்தில் நியூட்ரல்

இதில் மட்டும் சமரசமே கிடையாது. பெட்ரோல் மிச்சம் என்று இறக்கத்தில் நியூட்ரலில் விடுவதும், நாலாவது கியரில் பிரேக்கை மிதித்தபடியே இறங்குவதும் ஆளைக் கொல்லும். தொடர்ந்து மிதித்தால் பிரேக் சூடேறும். சூடேறிய பிரேக் பிடிக்காது, எவ்வளவு அழுத்தினாலும் வண்டி ஓடும். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். இரண்டாவது கியரில் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். பிரேக்கை வளைவுக்கு முன் விட்டு விட்டு மிதித்தால் போதும். ஆட்டோமேட்டிக் வண்டி வைத்திருப்பவர்கள் பலர் 'டி'யிலேயே இறங்குகிறார்கள். 'எல்' அல்லது மேனுவல் மோடு அதற்காகத்தான் இருக்கிறது. கருகிய வாசனை வந்தால் அகலமான இடம் பார்த்து நிறுத்தி ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம். ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும் என்பது விதி.

ஆக்டிங் டிரைவர் வைத்துக்கொள்வது நல்ல யோசனைதான். ஆனால் சென்னை வரை ஓட்டியவரா என்று கேட்காதீர்கள், மலை ஓட்டியவரா என்று கேளுங்கள். ரூம் போடும்போதே அவர் படுக்க இடம் உண்டா என்றும் விசாரியுங்கள். ராத்திரி முழுவதும் குளிரில் கார் சீட்டில் சுருண்டு கிடந்தவர்தான் மறுநாள் உங்கள் குடும்பத்தை இறக்கப் போகிறார்.

பெரிய பிள்ளைகளிடம் பேசாமல் விடுவது

காலியான ரோடுதானே என்று பதினேழு வயதுப் பையனிடம் ஸ்டியரிங்கைக் கொடுக்கிற வழக்கம் நம்ம பக்கம் உண்டு. 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அதற்கு 25,000 ரூபாய் அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை, வண்டிப் பதிவு 12 மாதம் ரத்து, பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. லைசென்ஸ் வாங்கிய பதினெட்டு வயதுக்காரருக்கும் மலைப்பாதை முதல் பாடமாக வேண்டாம்.

பெண் பிள்ளைகள் வழியில் டாய்லெட் எப்படி இருக்குமோ என்று பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. தலைவலியும் குமட்டலும் இதிலும் வரும். இதை அப்பாவிடம் சொல்லவும் மாட்டார்கள். திண்டுக்கல்லிலோ வத்தலக்குண்டிலோ நல்ல ஹோட்டலாகப் பார்த்து, கேட்காமலே நிறுத்துங்கள். நாப்கின் டிக்கியில் உள்ள பெட்டிக்குள் இருந்தால் பயனில்லை, கைப்பையில் இருக்கட்டும். ஜெர்கினும் அப்படித்தான், நாற்பது டிகிரி வெயிலில் பெட்டி கட்டும்போது 'வேண்டாம்' என்றவர்கள்தான் சாயங்காலம் பற்கள் தந்தியடிக்க நிற்பார்கள். சண்டை போடாமல் சீட்டுக்கு அடியில் போட்டு வையுங்கள்.

டால்பின் நோஸ் மாதிரிப் பாறை விளிம்புகளில் செல்ஃபி எடுக்கக் கூடாது என்பதை வீட்டிலேயே பேசி முடிவு செய்ய வேண்டும். அங்கே போய் நாலு பேர் முன்னால் அதட்டினால் அந்த வயதுக்கு வீம்புதான் வரும். பதிலுக்கு ஒரு நாளை அவர்களிடம் விட்டுவிடுங்கள்: எங்கே போவது, எத்தனை மணிக்கு எழுவது, எதை விடுவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. பத்து இடம் பார்க்காமல் ஏரியைச் சுற்றி சைக்கிள் மட்டும் ஓட்டினாலும் சரியென்று இருங்கள்.

இறங்குவதை ஞாயிறு சாயங்காலத்துக்கு வைக்காதீர்கள். அந்த நேரத்தில் ஊரே இறங்கும், பனிமூட்டமும் சேரும். திங்கட்கிழமை காலை வெளிச்சத்தில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திண்டுக்கல் வந்துவிடலாம்.