ஆர்என்ஏ சீக்வென்சிங் எண்ணிக்கை: மொத்தத்தால் வகுத்தால் மட்டும் போதாது

ஆர்என்ஏ சீக்வென்சிங்கில் ஒவ்வொரு மரபணுவுக்கும் எத்தனை ஆர்என்ஏ துண்டுகள் (ரீட்) வாசிக்கப்பட்டன என்று எண்ணுகிறோம். ஒரு மாதிரியில் 2 கோடி ரீட், இன்னொன்றில் 4 கோடி ரீட் இருந்தால் எண்ணிக்கைகளை அப்படியே ஒப்பிட முடியாது. மொத்தத்தால் வகுத்துப் பத்து லட்சத்தால் பெருக்கலாமே என்றுதான் முதலில் தோன்றும். ரத்த மாதிரியில் அது எப்படிச் சறுக்கும் என்று ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம்.

முதல் மாதிரியில் மூன்று மரபணுக்களுக்கு 100, 200, 300. ஹீமோகுளோபின் மரபணு எச்பிபிக்கு 400. இரண்டாவதில் 50, 100, 150, எச்பிபிக்கு 700. இரண்டுக்கும் மொத்தம் 1000. மொத்தத்தை நம்பினால் மூன்று மரபணுக்களும் பாதியாகிவிட்டன. உண்மையில் எச்பிபி ரீட்களை விழுங்கியதால் மற்றவற்றின் பங்கு சுருங்கியிருக்கலாம், அவ்வளவுதான்.

மாதிரிகளுக்கிடையே மரபணுச் செயல்பாட்டை ஒப்பிடும் மென்பொருளான டிசீக்2 (DESeq2) வேறு வழியில் போகிறது. முதலில் மரபணுவாரியாக, எல்லா மாதிரிகளுக்கும் சேர்த்துப் பெருக்கல் சராசரி எடுங்கள்: 100, 50 என்றால் இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுக்க 70.7. ஒவ்வொரு எண்ணையும் அதனதன் சராசரியால் வகுத்தால் முதல் மாதிரிக்கு 1.41, 1.41, 1.41, 0.76 வரும். இவற்றின் இடைநிலை அளவான 1.41தான் அந்த மாதிரியின் சைஸ் ஃபேக்டர், அதாவது அதன் எண்ணிக்கைகளை வகுக்க வேண்டிய எண். இரண்டாவதற்கு 0.71. எண்ணிக்கைகளை இவற்றால் வகுத்ததும் மூன்று மரபணுக்களும் சமமாகின்றன. எச்பிபி மட்டும் 283, 990 என மூன்றரை மடங்கு வேறுபடுகிறது.

பெரும்பாலான மரபணுக்கள் மாறவில்லை என்ற அனுமானத்தில்தான் இந்தக் கணக்கு நிற்கிறது. ஆக்டினோமைசின் டி கொடுத்து ஆர்என்ஏ உற்பத்தியையே நிறுத்திய செல்களில் அது பொய்த்துவிடும். அங்கே செல் எண்ணிக்கைக்கு ஏற்ப ஸ்பைக்-இன் ஆர்என்ஏ (அளவு தெரிந்த, வெளியிலிருந்து கலக்கும் ஆர்என்ஏ) சேர்த்திருக்க வேண்டும். பிரித்தெடுத்த ஆர்என்ஏயின் எடைக்கு ஏற்பச் சேர்த்தால் பயனில்லை.

டிசீக்2க்குத் தர வேண்டியது மூல எண்ணிக்கை. டிபிஎம் (மரபணு நீளத்துக்கும் மொத்தத்துக்கும் ஏற்கெனவே சரிசெய்த அளவு, TPM) மதிப்புகளை முழு எண்ணாக்கிக் கொடுப்பது அடிக்கடி நடக்கும் தவறு: 10 ரீட்டா, 1000 ரீட்டா என்பது அதில் அழிந்துவிடுவதால் இரைச்சலின் அளவு தப்பாக மதிப்பிடப்படும். ரீட்களை அளவிடும் சால்மன் (Salmon) மென்பொருளின் வெளியீடு கையில் இருந்தால், அதை டிசீக்2க்கு ஏற்ப மாற்றும் டிஎக்ஸ்இம்போர்ட் (tximport) வழியாகக் கொண்டுவாருங்கள். ஹீட்மேப், பிசிஏ (மாதிரிகளின் ஒற்றுமையைக் காட்டும் படம்) வரைய, டிசீக்2 உருமாற்றித் தரும் விஎஸ்டி (VST) மதிப்பு சரி. அதையே திரும்ப டிசீக்2க்குள் போடாதீர்கள்.

ஒரு சுழியம் இருந்தாலே பெருக்கல் சராசரி சுழியமாகிவிடும். எல்லா மரபணுவிலும் குறைந்தது ஒரு சுழியம் இருப்பதாகப் பிழை வந்தால், பலர் உடனே சுழியமல்லாத எண்ணிக்கைகளை மட்டும் பெருக்கும் ‘போஸ்கவுண்ட்ஸ்’ (poscounts) முறைக்கு மாறிவிடுகிறார்கள். அதற்கு முன் மாதிரிவாரியாக மொத்த ரீட்களைக் கூட்டிப் பாருங்கள். சில ஆயிரம் ரீட்களே உள்ள ஒரு தோற்றுப்போன மாதிரி உள்ளே கிடக்கலாம். அதை நீக்கினாலே பிழை போய்விடும். ஒவ்வொரு செல்லையும் தனியாக அளக்கும் சிங்கிள்-செல் போல இயல்பாகவே சுழியம் மலிந்த தரவானால் ‘போஸ்கவுண்ட்ஸ்’ பொருந்தும்.