பழைய நெல் அறுவடை மெஷினில் ஃபீடரைப் பழுதுபார்த்து மட்டம் பிடிப்பது எப்படி?

கார்த்திகை பிறந்துவிட்டால் இங்கே பர்மாவில் பெகு பக்கம் எந்த வயலில் பார்த்தாலும் நெல் தலை சாய்ந்து நிற்கும். அந்த நேரத்தில் மெஷின் நின்றால் பயிர் மண்ணில் படுத்துவிடும். அதனால் மழை விட்டதுமே ஃபீடரைத் திறந்து பார்த்துவிடுங்கள். புதிதாக மெஷின் வாங்கியவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். இங்கே நம்மவர்கள் பலர் வாங்குவது பழைய மெஷின்தான்.

முன்னால் இருக்கும் கத்திக்கும் உள்ளே இருக்கும் கதிரடிக்கும் டிரம்முக்கும் நடுவில் சாய்வாக ஒரு பெட்டி இருக்கிறதே, அதுதான் ஃபீடர். அதற்குள் இரண்டு அல்லது மூன்று செயின்கள் ஓடும். அவற்றின் குறுக்கே இரும்புப் பட்டைகள் இருக்கும். அறுத்த பயிரை இந்தப் பட்டைகள் அடித்தகட்டின் மேல் இழுத்துக்கொண்டு போய் டிரம்மில் கொடுக்கும். பயிர் சீராகப் போகாமல் கொத்துக் கொத்தாகப் போனால் டிரம் உறுமி உறுமி அடங்கும். பலர் டிரம்மில்தான் கோளாறு என்று அதைக் கழற்றுவார்கள். முதலில் ஃபீடரைப் பாருங்கள்.

பூட்டுப் போடாமல் கீழே போகாதீர்கள்

கத்திப் பகுதியை முழுக்கத் தூக்கி, ஹைட்ராலிக் சிலிண்டருக்கு உள்ள பூட்டைப் போடுங்கள். பூட்டு தொலைந்திருந்தால் கனமான மரக்கட்டைகளை அடுக்கி முட்டுக் கொடுங்கள். என்ஜினை அணைத்துச் சாவியை உங்கள் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஹைட்ராலிக்கை மட்டும் நம்பி ஒருவரும் அடியில் படுக்கக் கூடாது. குழாய் வெடித்தால் அந்த எடை ஒரு நொடியில் இறங்கிவிடும்.

செயினும் பட்டைகளும்

மூடியைத் திறந்து வைக்கோல், தூசி எல்லாவற்றையும் துடைத்தெடுங்கள். வளைந்த பட்டையை நிமிர்த்தலாம், விரிசல் விட்டதை மாற்றிவிடுங்கள். செயின் மாற்றுவதாக இருந்தால் எல்லாச் செயினையும் ஒன்றாக மாற்றுங்கள். பழையது நீண்டிருக்கும். பக்கத்தில் புதியதைப் போட்டால் பட்டை கோணலாக ஓடி ஒரு பக்கமே இழுக்கும். கண்ணிகளின் எண்ணிக்கையும் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இறுக்கும் போல்ட்டில் வெளியே தெரியும் மரையை இரண்டு பக்கமும் அளந்து ஒரே நீளமாக வையுங்கள். எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது மெஷினுக்கு மெஷின் மாறும், கையேட்டில் உள்ள அளவையே வையுங்கள். முன் உருளை பயிர் தடித்து வரும்போது மேலே எழும்பி இறங்க வேண்டும். அது சேறு இறுகி அசையாமல் நின்றால் என்ன இறுக்கினாலும் பயன் இல்லை.

அடித்தகடு

ஓட்டை விழுந்திருந்தால் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்யலாம். ஓடு வேய்வது போல நினைத்துக்கொள்ளுங்கள்: பயிர் வரும் பக்கத்துத் தகடு மேலே, அடுத்த தகடு அதற்குக் கீழே. மாற்றி வைத்தால் விளிம்பில் வைக்கோல் மாட்டிக்கொண்டே இருக்கும். வெல்டிங்குக்கு முன் பேட்டரி வயரைக் கழற்றுங்கள், எர்த் கிளிப்பை வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். இல்லாவிட்டால் மின்சாரம் பேரிங் வழியாகப் போய் அதைக் கெடுத்துவிடும். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கட்டும்.

புஷ் பார்க்காமல் மட்டம் பிடிக்காதீர்கள்

முதல் வருஷம் நான் தப்பு செய்த இடம் இது. கத்திப் பகுதியின் இடது பக்கம் தாழ்ந்திருந்தது, தகடு வைத்து உயர்த்தினேன். மறுநாள் சாயங்காலமே அது பழையபடி தாழ்ந்துவிட்டது. ஃபீடர் மேலும் கீழும் ஆடும் அச்சில் புஷ், அதாவது அச்சைச் சுற்றி இருக்கும் வளையம், தேய்ந்திருந்ததுதான் காரணம். அதனால் முன்பக்கத்தை முட்டில் நிறுத்தி, அச்சுக்குப் பக்கத்தில் கடப்பாரையால் நெம்பிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் புஷ்ஷை மாற்றிவிட்டுத்தான் அடுத்த வேலை.

மட்டம்

வயலிலோ மண் தரையிலோ செய்யாதீர்கள். அரிசி ஆலையில் நெல் காயவைக்கும் சிமெண்டுக் களம் கிடைத்தால் நல்லது. நெல் தொட்டி காலியாக இருக்கட்டும், அதன் எடை மெஷினையே ஒரு பக்கம் சாய்க்கும். டிராக்கில் (சக்கரத்துக்குப் பதிலாக ஓடும் பட்டையில்) ஒட்டிய சேற்றைக் கழுவி, இரண்டு டிராக்கும் ஒரே இறுக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். சக்கர மெஷினாக இருந்தால் டயர் காற்று. பிறகு மெஷினின் சட்டத்தில் ரசமட்டம் வைத்துப் பாருங்கள்.

சரி, இப்போது கத்தியின் இரண்டு கோடியிலும் தரையிலிருந்து உயரம் அளக்கலாம். கால் அங்குலத்துக்குள் வித்தியாசம் இருந்தால் நான் விட்டுவிடுவேன். அதற்கு மேல் இருந்தால் ஃபீடரும் கத்திப் பகுதியும் சேரும் இடத்துக்கு வாருங்கள். நீள்துளை இருந்தால் போல்ட்டைத் தளர்த்தித் திருப்பி இறுக்கலாம். கத்திப் பகுதி ஃபீடரின் மேல் உதட்டில் தொங்கும் வகையாக இருந்தால், தாழ்ந்த பக்கத்தில் உதட்டுக்கு மேல் மெல்லிய தகடு செருகுங்கள். ஒவ்வொரு முறையும் கத்தியை ஒருமுறை ஏற்றி இறக்கிவிட்டு மறுபடி அளக்க வேண்டும்.

முடிந்ததும் மூடியைப் போட்டுப் பத்து நிமிஷம் வெறுமனே ஓட்டுங்கள், பட்டை தகட்டில் இடிக்கும் சத்தம் வரக் கூடாது. அப்புறம் வயலில் இறங்கி ஒரு வரிசை அறுத்து, இரண்டு ஓரத்திலும் நிற்கும் தாளை அளந்து பாருங்கள். ஒரு மணி நேரம் ஓடியதும் நிறுத்திச் செயினையும் போல்ட்டுகளையும் திரும்ப இறுக்குங்கள். புதுச் செயின் முதல் நாளிலேயே கொஞ்சம் தளரும்.