ஐந்து விநாடிக் காவல்: ஃபாலங்க்ஸ் துப்பாக்கி விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃபாலங்க்ஸ் சுடும் காணொளியை முதல்முறை பார்ப்பவருக்கு, இது இருக்கிற கப்பலை எந்த ஏவுகணையும் தொட முடியாது என்றுதான் தோன்றும். குடத்தைக் கவிழ்த்தாற்போல வெள்ளை ரேடார் கூடு, அதன் கீழே சுழலும் ஆறு குழல்கள், நிமிடத்துக்கு 4,500 குண்டுகள். கப்பலை நெருங்கிவிட்ட ஏவுகணையைக் கடைசி நேரத்தில் சுட்டு வீழ்த்த, 1980 முதல் அமெரிக்கப் போர்க்கப்பல்களில் இருக்கும் 20 மில்லிமீட்டர் துப்பாக்கி இது.

அந்த 4,500-ஐ அப்படியே நம்புவதுதான் முதல் தவறு. விநாடிக்கு 75 குண்டுகள் என்று பிரித்துப் பாருங்கள். பிந்தைய வகைகளில் இருப்பு 1,550. விடாமல் சுட்டால் இருபது விநாடி சொச்சத்தில் தீர்ந்துவிடும். பயனுள்ள தூரம் ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர்தான். எக்ஸோசெட் போல விநாடிக்கு 300 மீட்டர் வேகத்தில் வரும் ஏவுகணை அந்தத் தூரத்தை ஐந்தே விநாடியில் கடந்துவிடும். பிரம்மோஸ் வேகம் என்றால் இரண்டு விநாடிகூடக் கிடைக்காது.

சரி, சுட்டது பட்டுவிட்டது. ஆபத்து தீர்ந்ததா? 1983 பிப்ரவரியில் ஆன்ட்ரிம் என்ற அமெரிக்கக் கப்பல் பயிற்சியில் ஆளில்லா இலக்கு விமானம் ஒன்றைச் சுட்டது. குண்டுகள் பட்டன. ஆனால் சிதைந்த விமானம் கடல்மேல் மோதி எகிறிக் கப்பலிலேயே வந்து விழுந்தது. தீப்பிடித்தது, பயிற்சியாளர் ஒருவர் இறந்தார். இவ்வளவு கிட்டத்தில் அடிக்கும்போது சிதறல் வந்த வேகத்திலேயே தொடர்ந்து வரும். இதை மறந்துவிட்டுத்தான் பலரும் இந்தத் துப்பாக்கியைக் கேடயம் என்கிறார்கள்.

இதைவிடப் பெரிய தவறு, துப்பாக்கியை வைத்துக்கொண்டே அதைத் தூங்கவிடுவது. 1987 மே 17 அன்று பாரசீக வளைகுடாவில் ஈராக்கிய விமானம் ஒன்று அமெரிக்காவின் ஸ்டார்க் கப்பல்மீது இரண்டு எக்ஸோசெட் ஏவியது. கப்பலில் ஃபாலங்க்ஸ் இருந்தது, ஆனால் காத்திருப்பு நிலையில். ஒரு குண்டுகூட வெளியே போகவில்லை. 37 மாலுமிகள் மாண்டார்கள். துப்பாக்கி பொருத்தப்பட்டிருந்ததும் கப்பலின் பின்புறம். முன்பக்கத்திலிருந்து வருவதைச் சுட வேண்டுமானால் கப்பலையே திருப்ப வேண்டும். ஆக, ஒரே துப்பாக்கி எல்லாத் திசையையும் பார்த்துக்கொள்ளும் என்று நினைப்பதும் தவறுதான்.

2006 ஜூலை 14-இல் பெய்ரூட்டுக்கு அருகே இஸ்ரேலின் ஹனித் கப்பலுக்கும் இதே கதை. லெபனானின் ஆயுதக் குழுவான ஹிஸ்புல்லாவிடம் கப்பலை அடிக்கும் ஏவுகணை இருக்காது என்ற நம்பிக்கையில் தற்காப்பு அமைப்புகள் இயக்கத்தில் இல்லை. ஏவுகணை தாக்கி நான்கு பேர் உயிரிழந்தார்கள். 19 ஆண்டு இடைவெளியில் அதே தவறு நடந்ததை என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை.

அப்படியானால் எப்போதும் தானியங்கியில் போட்டுவிடலாமே என்று தோன்றும். அதுவும் கூடாது. ஃபாலங்க்ஸ் தன் ரேடாரால் இலக்கையும் தான் சுட்ட குண்டுகளையும் சேர்த்தே கவனித்து, இடையிலுள்ள பிசகைத் திருத்திக்கொண்டே சுடும். திறமையான ஏற்பாடுதான். ஆனால் குண்டு போகும் வழியில் நம் கப்பல் நிற்கிறதா என்பது அதற்குப் புரியாது. 1989 அக்டோபரில் அமெரிக்காவின் எல் பாசோ கப்பல், அடிபட்டு விழுந்துகொண்டிருந்த இலக்கை மறுபடி சுட்டது. குண்டுகள் இன்னோர் அமெரிக்கக் கப்பலான ஐவோ ஜிமாவில் பாய்ந்து ஓர் அதிகாரி இறந்தார். 1991 வளைகுடாப் போரில், அமெரிக்காவின் மிசௌரி கப்பல் ஏவுகணையை ஏமாற்றத் தூவிய உலோக இழைகளையே ஏவுகணை என்று எடுத்துக்கொண்டு உடன் சென்ற ஜாரெட் கப்பலின் ஃபாலங்க்ஸ் சுட, குண்டுகள் மிசௌரியில் பட்டன. 1996 ஜூனில் ஜப்பானின் யூகிரி கப்பல், பயிற்சி இலக்கை இழுத்துச் சென்ற அமெரிக்க விமானத்தையே வீழ்த்தியது. நல்லவேளை, விமானத்திலிருந்த இருவரும் வெளியே குதித்துப் பிழைத்தார்கள்.

2024 ஜனவரி 30 அன்று செங்கடலில் அமெரிக்காவின் கிரேவ்லி கப்பல், ஏமனின் ஹூதி ஆயுதக் குழுவினர் ஏவிய ஏவுகணையைச் சுமார் ஒரு மைல் தூரத்தில் ஃபாலங்க்ஸால் வீழ்த்தியதைப் பலர் வெற்றியாகக் கொண்டாடினார்கள். துப்பாக்கி தன் வேலையைச் செய்தது, அதில் சந்தேகமில்லை. ஆனால் தொலைவிலேயே ஏவுகணைகளால் தடுக்க வேண்டிய ஒன்று ஒரு மைல் வரை எப்படி வந்தது என்பதுதான் அன்று கேட்டிருக்க வேண்டிய கேள்வி.